வந்தே பாரத்தின் மூக்கைச் செய்தது யார்? ஃபைபர் வேலை தெரிந்த கரையிலிருந்து ஒரு விமர்சனம்

வந்தே பாரத் ரயிலின் இருக்கை, சாப்பாடு, கழிப்பறை, நேரம் பற்றியெல்லாம் விமர்சனங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதன் வெளித்தோற்றத்தை ஒரு செய்பொருளாக எடுத்துவைத்து, எதில் செய்திருக்கிறார்கள், எங்கே தேறுகிறது, எங்கே தேறவில்லை, அந்த உருவத்துக்கான பெருமை யாருக்குப் போக வேண்டும் என்று எழுதியவர்கள் குறைவு. எஸ்.பி.பட்டினத்திலிருந்து ரோச்மா நகர் வரை நீளும் இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் ஃபைபர் படகு கட்டவும் ஒட்டவும் தெரிந்த கைகள் ஏராளம். வந்தே பாரத்தின் மூக்கும் அதே ஃபைபர்தான். அதைத் தரம் பார்க்க வெளியூர் நிபுணர் வர வேண்டியதில்லை.

நமக்குப் பார்க்க வசதியான இடம் மதுரை சந்திப்பு. சென்னை–திருநெல்வேலி, சென்னை–நாகர்கோவில், மதுரை–பெங்களூரு ஆகிய மூன்று வந்தே பாரத்தும் அங்கே கிடைக்கும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முகத்தின் வடிவத்துக்குப் பத்துக்கு எட்டு. உடைந்தால் கழற்றி மாற்றுகிற வசதிக்கு ஒன்பது. உப்புக்காற்றுக்குத் தாங்கும் தன்மைக்கு ஆறு. செய்தவர் பெயரைச் சொன்னதற்கு மூன்று. காற்றைக் கிழிக்கும் வேலைக்கு மார்க் போடவில்லை. அந்த வேலை இங்கே அந்த மூக்குக்குக் கொடுக்கப்படவே இல்லை.

பெட்டிகளின் உடம்பு துருப்பிடிக்காத எஃகு. முன்னால் சரிந்து வருகிற கூம்பு ஃபைபர் ஓடு. அதற்குப் பின்னால்தான் கொக்கியும், மோதலைத் தாங்க வேண்டிய எஃகுச் சட்டமும் இருக்கின்றன. 2022 அக்டோபர் 6 அன்று காந்திநகர்–மும்பை வந்தே பாரத், அகமதாபாத் அருகே எருமைகள் மீது மோதியது. முன்மூடி பெயர்ந்து நின்ற படத்தைப் பார்த்து, “பிளாஸ்டிக் ரயில்” என்று நாடு முழுக்கக் கேலி பேசினார்கள். மறுநாளே புது மூடி மாட்டி ரயில் ஓடியது. கேலி செய்தவர்கள் கவனிக்காத விஷயம் இதுதான். படகில் அணியம், அதாவது முன்முனை, உடைந்தால் உயிர் போகும், அதனால் அணியத்தில்தான் கூடுதல் அடுக்கு போடுகிறோம். ரயிலின் மூக்குக்கு அந்தக் கடமை இல்லை. அது ஒரு மூடி. அடி விழுந்தால் அது உடைந்து, அதிர்ச்சி பின்னால் போகாமல் இருக்க வேண்டும். உடைந்ததை நாலு மணி நேரத்தில் கழற்ற முடிகிறதா என்பதுதான் அதற்கான பரீட்சை. அதில் இந்த வடிவமைப்பு தேறிவிட்டது.

ஜப்பான்காரர்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கிறார்கள். 1964-இல் ஓடத் தொடங்கிய முதல் ஷின்கான்சென் (புல்லட் ரயில்), அதாவது 0 வரிசை ரயிலின் மூக்கு நுனியில் இருந்த உருண்டை மூடி முதலில் அக்ரிலிக்கில் செய்யப்பட்டது. முகவிளக்கின் ஒளியில் அதுவும் மினுங்க வேண்டும் என்பது எண்ணம். பறவைகள் மோதி மோதி உடைந்ததால் பிறகு ஃபைபருக்கு மாறினார்கள்.

இனி வேலைப்பாடு. பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஃபைபரில் பளபளப்பு அச்சு கொடுப்பது. முதலில் பிளைவுட்டிலோ ஃபோமிலோ உருமாதிரி செய்து, பட்டி போட்டு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220, 400, 600 என்று ஏறி, வாக்ஸ் பல பூச்சு பூசி, அதன் மேல் அச்சு எடுக்கிறோம். அந்த அச்சுக்குள் ஜெல்கோட், அதாவது வெளியே தெரியும் பளபளப்பான பூச்சு, அரை மில்லிமீட்டர் அளவுக்கு. அதற்கு மேல் முதல் அடுக்கு மெல்லிய மேட் (கண்ணாடி இழை விரிப்பு), சதுர மீட்டருக்கு 300 கிராம். அப்புறம் 450 கிராம் மேட்டும் ரோவிங்கும் (கண்ணாடி இழையில் நெய்த தடித்த துணி) மாறி மாறி. 450 கிராம் மேட் ஒரு அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ரெசின் (இழைகளை ஒட்டி இறுகும் திரவம்) வரை குடிக்கும், கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரும். முதல் அடுக்கிலேயே கனமான ரோவிங்கை வைத்தால் துணிப் பின்னல் நாள்பட வெளியே தெரியும். வெள்ளைப் பரப்பில் உடனே தெரியாது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது கட்டம் கட்டமாகத் தெரியும்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் பத்தைத் தாண்டினால் ரெசின் கையிலேயே இறுகும், சூடேறி மஞ்சளிக்கும், பிறகு வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிய காற்றில் ஒட்டினால் பரப்பு வெளுத்து, அடுக்குக்கு அடுக்கு பிடிக்காமல் போகும். (இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து, அதன் பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.) ரயிலுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. தீ, புகை, நச்சு வாயு மூன்றுக்கும் சோதனை வைப்பதால், சாதாரணப் படகு ரெசின் செல்லாது. தீயை அடக்கும் பவுடர் கலந்த ரெசின் கூழ்போலக் கெட்டியாகிவிடும். மேட்டுக்குள் இறங்க அடம் பிடிக்கும். ரோலர் போடுகிறவர் அவசரப்பட்டால் உள்ளே காற்றுக்குமிழி தங்கும். குமிழி தங்கிய இடத்தில்தான் பின்னால் நட்சத்திர வெடிப்பு கிளம்பும்.

நடைமேடையில் நின்று இதையெல்லாம் சோதிக்கலாம். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றால் போதும், தொட வேண்டாம். மேற்கூரையின் டியூப் லைட் மூக்கில் பிரதிபலிக்கும் கோட்டைப் பாருங்கள். கோடு நெளியாமல் வழிந்து இறங்கினால் அச்சு நல்ல அச்சு. நடுவில் அலை அடித்தால் உருமாதிரியில் பட்டி ஒழுங்காகத் தேய்க்கப்படவில்லை. அடுத்து, மூடிக்கும் எஃகு உடம்புக்கும் நடுவில் ஓடும் இடைவெளி. மேலே விரலளவும் கீழே நூலளவும் இருந்தால் மாட்டியபோது இழுத்துப் பிடித்து போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இழுவையில் நிற்கிற ஃபைபர் போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் வெடிக்கும். மூன்றாவது நிறம். ஒரு பலகை மட்டும் கூடுதல் வெள்ளையாக இருந்தால் அது பிற்பாடு மாற்றியது. பொதுவாக இந்த ரயில்களில் வளைவு நன்றாக வழிகிறது, கண்ணாடி முகப்பும் ஓடும் ஒரே கோட்டில் சேர்கின்றன. கண் உறுத்துவது அடிப்பக்கம். மாடு தள்ளும் தடுப்பும் மூக்கின் கீழ் விளிம்பும் சேரும் இடத்தில், மேலே இருக்கிற நளினம் சட்டென்று நின்றுவிடுகிறது; அந்தப் பகுதியை வேறு ஒருவர் வேறு ஒரு நாளில் வரைந்ததுபோல் இருக்கிறது.

காற்று விஷயத்துக்கு வருவோம். கூரான மூக்கு இருப்பதால்தான் ரயில் வேகமாகப் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். வந்தே பாரத் 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது, 160 வரை அனுமதி. நம் பக்கத்துத் தடங்களில் அந்த 160-ஐயும் எட்டுவதில்லை. சென்னை–திருநெல்வேலி ரயில் சுமார் 650 கி.மீ. தூரத்தை எட்டு மணி நேரத்துக்குள் கடக்கிறது; சராசரி எண்பது சொச்சம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் இருக்கிற தடை, புல்லட் ரயில் ஓடும் 300-இல் ஐந்து மடங்குக்கு மேல். நீளமான ரயிலில் அந்தத் தடையிலும் மூக்கின் பங்கு சிறியது. விலா நெடுகக் காற்று உரசுவதும், அடியில் சக்கரங்களைச் சுற்றிக் காற்று புரளுவதும்தான் பெரிய பங்கு. ஆக, இந்த மூக்கு முகத்துக்காக இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு ரயிலைப் பார்த்ததும் ஏற வேண்டும் என்று தோன்ற வைப்பதும் ஒரு வேலைதான். அந்த வேலைக்கான பெருமையைக் காற்றியல் கணக்கில் எழுதக் கூடாது.

மூக்கு உண்மையாகவே உழைக்க வேண்டிய இடம் சுரங்கம். ஜப்பானின் சான்யோ புல்லட் ரயில் தடத்தில் ஏறத்தாழ பாதித் தூரம் சுரங்கம். வேகமாக நுழையும் ரயில் முன்னால் இருக்கிற காற்றை அமுக்கும். அந்த அழுத்த அலை ரயிலுக்கு முன்னே ஓடி மறுவாயில் வெடிச் சத்தமாக வெளியேறும். சத்தத்தின் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் 130-க்கும் 300-க்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். சுற்றியிருக்கும் வீடுகளின் ஜன்னல் அதிரும். 1997 மார்ச்சில் 300 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ஷின்கான்சென் இதற்கு விடை சொன்னது. மூக்கு மட்டும் 15 மீட்டர். நுனியிலிருந்து குறுக்களவு மெதுமெதுவாகப் பெருத்தால் காற்று திடீரென்று அமுங்காது என்பதுதான் அதன் சூத்திரம்.

யாருக்குப் பெருமை என்ற தகராறு இந்த ரயிலில்தான் நன்றாகத் தெரிகிறது. ஜே.ஆர். வெஸ்ட் என்ற ஜப்பான் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் எய்ஜி நகாட்சு, பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் உள்ளவர். மீன்கொத்தி நீரைத் தெறிக்கவிடாமல் மூழ்குவதை இந்தச் சிக்கலோடு சேர்த்துப் பார்த்தார் என்பது உலகம் முழுக்கப் பரவிய கதை. ஊருணிக் கரையில் மீன்கொத்தி பாய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்பீட்டின் அழகு உடனே புரியும். அந்தக் கதை பொய்யல்ல. ஆனால், “மீன்கொத்தியைப் பார்த்து ஒருவர் ரயிலை வடிவமைத்தார்” என்று முடித்துவிடுவது அநியாயம். 500 வரிசையின் வெளியுருவத்தை வரைந்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் நாய்மைஸ்டர். ஜெர்மனியின் ஐ.சி.இ. 3 ரயிலின் முகமும் அவர் கைவண்ணம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கை தெரியும்: கண்ணாடி உடம்பிலிருந்து பிதுங்காமல் அதிலேயே கரைகிற விதம்.

எங்கள் தீர்ப்பு இது. எவ்வளவு நீளம் வேண்டும், எந்த அடியில் எவ்வளவு குறுக்களவு இருக்கலாம் என்ற கட்டளை நகாட்சுவும் அவருடைய குழுவும் சோதனைச்சாலையில் கண்டது. அந்தக் கட்டளைக்குள் அழகை நிறுத்தியது நாய்மைஸ்டர். முதலாவது இல்லாவிட்டால் சுரங்கத்தில் வெடிக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் அந்த ரயிலை இன்றைக்கு யாரும் படம் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஒருவர் பெயரை மட்டும் சொல்கிற எந்தக் கட்டுரையையும் நம்ப வேண்டாம். அந்த ரயிலின் விலையும் சொல்ல வேண்டும்: நீண்ட மூக்கால் முதல் பெட்டியில் இருக்கை குறைந்தது, முன்பக்கக் கதவே இல்லாமல் போனது, உருண்டை உடம்பால் ஜன்னலோரம் தலை இடித்தது. பின்னாளில் வந்த என்700 வரிசையில் மூக்கை 10.7 மீட்டராகக் குறைத்து, கணினியில் ஆயிரக்கணக்கான வடிவங்களைச் சலித்து அதே பலனைப் பெற்றார்கள்.

மூன்றாவது ஒரு கை இருக்கிறது, யாரும் சொல்லாத கை. யமகுச்சி மாகாணத்தில் கடலோரமாக இருக்கும் குடமாட்சு ஊரில் யமஷிதா கோக்யோஷோ என்ற பட்டறை இருக்கிறது. 0 வரிசையின் காலத்திலிருந்து புல்லட் ரயில் மூக்குகளின் உலோகத் தகட்டை அங்கே சுத்தியலால் அடித்து வளைக்கிறார்கள். காகிதத்தில் இரண்டு பக்கமும் வளைகிற கோட்டை வரைவது சுலபம். தட்டையான தகட்டை அந்த வளைவுக்குக் கொண்டுவர, எங்கே எவ்வளவு அடி என்பது கைக்குத்தான் தெரியும். 0 வரிசையின் முகத்துக்குக் காற்றியல் தந்தவர் போர்க்காலத்தில் கடற்படை விமானம் வடிவமைத்த ததனாவோ மிக்கி. திட்டத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிதேயோ ஷிமாவும். செலவு எகிறியதால் இருவரும் 1963-இல் பதவி விலகினார்கள்; 1964 அக்டோபர் 1 திறப்பு விழாவுக்கு அவர்களை அழைக்கவே இல்லை. பிரான்சில் நிலைமை கொஞ்சம் மேல். அதிவேக ரயிலான டி.ஜி.வி.யின் ஆரஞ்சு நிற முகம் ஜாக் கூப்பர் வரைந்தது என்றும், மாடி வைத்த டூப்ளெக்ஸ் ரோஜே தாலோன் வரைந்தது என்றும் அங்கே பெயர் சொல்லிப் பேசுகிறார்கள்.

நம் கரையில் ஒரு வல்லத்தை (மீன்பிடிப் படகை)ப் பற்றிப் பேசினால் முதல் கேள்வியே எந்த ஓடாவி, அதாவது படகு கட்டும் ஆசாரி, கட்டியது என்பதுதான். முதலாளி யார் என்பது அடுத்த கேள்வி. ஓட்டத்தில் வல்லம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓடாவியைக் கேட்பார்கள், நேராக ஓடினாலும் அவர் பெயர்தான் சொல்வார்கள். பெருமையும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்கிற இந்த வழக்கம் ரயிலுக்கும் வர வேண்டும்.

வந்தே பாரத்துக்கு அப்படிக் கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2018, பொது மேலாளர் சுதான்ஷு மணி. பதினெட்டு மாதத்தில், சுமார் 97 கோடி ரூபாயில் ‘ட்ரெயின் 18’ என்ற பெயரில் முதல் ரயில் வெளியே வந்தது. 2019 பிப்ரவரி 15-இல் டெல்லி–வாரணாசி ஓட்டம் தொடங்கியது. இந்த அளவுக்குப் பெயர் தெரிவது நல்ல விஷயம்தான். அந்த அணியை வழிநடத்தியவருக்கும் அந்த வேகத்துக்கும் முழு மரியாதை உரியது. இன்னொரு பெருமை பேசப்படாமலே போகிறது. மோட்டார், மின்மாற்றி எல்லாவற்றையும் பெட்டிகளுக்கு அடியில் தொங்கவிட்டதால்தான் முன்னால் தனி எஞ்சின் தேவையில்லாமல் போனது. அதனால்தான் இரண்டு முனையிலும் சரிந்த முகம் வைக்கவே இடம் கிடைத்தது. அதாவது அந்த முகத்தின் பாதிப் பெருமை முகத்தைத் தொடாத மின்பொறியாளர்களுக்கு. மீதிப் பாதியில், கோடு வரைந்தவரின் பெயரோ, உருமாதிரியைத் தேய்த்து அச்சு எடுத்தவரின் பெயரோ பயணிகளுக்குத் தெரியாது. மூன்று மார்க் கொடுத்ததற்கு இதுவே காரணம். வண்டியில் தயாரிப்புத் தகடு மாட்டத்தான் போகிறார்கள்; வரைந்த குழு, அச்சு எடுத்த பட்டறை என்று இரண்டு வரி கூடினால் செலவு எதுவும் ஏறாது.

கடைசியாக நம் கரைக்கான கணக்கு. பாம்பன் பக்கம் ரயிலுக்கு மூக்கைவிட விலாதான் முக்கியம். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் அங்கே பக்கவாட்டில் அறைகின்றன. பக்கக் காற்றில் கூரை ஓரம் எவ்வளவு உருண்டிருக்கிறது, விலா எவ்வளவு உயரம், பெட்டி எவ்வளவு கனம் என்பதுதான் பேச்சு. மூக்கின் கூர்மைக்கு அங்கே வேலை இல்லை. வந்தே பாரத்தின் கூரை ஓரம் நன்றாக உருண்டிருக்கிறது, அது நல்லது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகளும் போட்டதற்குக் காரணம் உப்பு. அதே உப்பு மேலே ஓடுகிற வண்டியையும் விடாது.

கரை வரை வந்துபோகும் எந்த ரயிலின் பராமரிப்புக்கும் இங்கே சில விஷயங்கள் பொருந்தும். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் கடலோரத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு படரும். 304 ரகத்தில் சீக்கிரம், 316-இல் தாமதம். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவினால் பாதி தீர்ந்தது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அதில் கழுவுவது கழுவாததைவிட மோசம். மூக்கு மூடியை மாட்ட சாதாரண இரும்பு போல்ட் போட்டால், எஃகும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்து இரும்பை அரிக்கும். துருச்சாறு வெள்ளை ஓட்டில் வழிந்து இறங்கும். ஜெல்கோட்டில் கல்லடி பட்ட சிறு பெயர்வை அப்படியே விட்டால் தண்ணீர் அடுக்குக்குள் ஊறிக் கொப்புளம் கிளம்பும். பெயர்ந்த இடத்தைக் காயவிட்டு, தேய்த்து, ஜெல்கோட் தொட்டு மூட வேண்டும். வெயிலில் மேற்பரப்பு மாவாக உதிர்ந்து கையில் ஒட்டினால் காம்பவுண்டு (மெருகுப் பசை) போட்டு மெருகேற்றி வாக்ஸ் பூசலாம், புதுப் பெயின்ட் தேவையில்லை. மூடியின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளில் மண்ணும் உப்பும் சேர்ந்து அடைக்கும். அதைக் குத்திவிடாவிட்டால் உள்ளே இருக்கிற கொக்கியும் மின் இணைப்புகளும் உப்புச் சேற்றில் ஊறும். வெளியே பார்க்கிறவர்களுக்கு மூக்கு பளபளப்பாகவே தெரியும்.